கோஸ் மினார்களைத் தேடி: டெல்லியிலிருந்து எல்லை வரை

டிசம்பர் 15, டெல்லி

காலை ஏழு மணிக்கு அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே இருந்த நாலு மாடிக் கட்டடமே தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில் என்று சொல்லக்கூடிய ஏதோ ஒன்று வந்தது. அதற்குள் தெருமுனை வண்டியில் சோலே குல்சா சாப்பிட்டு முடித்திருந்தேன், தட்டு அறுபது ரூபாய், சுண்டலின் மேல் இஞ்சியை மெல்லிசாகச் சீவிப் போட்டு எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள். வெறும் ஸ்வெட்டரோடு நின்ற என்னைப் பார்த்து வண்டிக்காரர், "காதை மூடுங்க பெஹன்ஜி, குளிர் காது வழியாத்தான் இறங்கும்" என்றார். முதல் வேலையாக எண்பது ரூபாய்க்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினேன். பயணம் முழுக்க அது தலையை விட்டு இறங்கவில்லை.

வந்தது கோஸ் மினார்களைப் பார்க்க. முகலாயர் காலத்து மைல்கற்கள் அவை. கல் என்று சொல்கிறேனே தவிர ஒவ்வொன்றும் 30 அடி உயரத் தூண். ஆக்ராவிலிருந்து டெல்லி வழியாக லாகூர் வரை போன பெரும்பாதையில் ஒரு கோஸ் தூரத்துக்கு ஒன்று என்று வரிசையாக நின்றவை. கோஸ் என்பது அந்தக் காலத்துத் தூர அளவு, மூன்று நாலு கிலோமீட்டர் வரும். ஹரியானாவில் மட்டும் 49 மிஞ்சியிருக்கின்றன என்று படித்ததிலிருந்து போக வேண்டும் என்று இருந்தது.

முதலில் ஃபிரோஸ் ஷா கோட்லா போனேன். அங்கே மினார் கிடையாது, அசோகர் தூண் இருக்கிறது. ஹரியானாவின் தோப்ராவில் நின்றிருந்த அந்த ஒற்றைக்கல் தூணை 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் பெயர்த்து, யமுனை வழியாகப் படகில் கொண்டுவந்து தன் கோட்டையில் நிறுத்தினார். அசோகரின் ஏழாவது தூண் சாசனம் முழுசாக இருப்பது இந்த ஒரு தூணில்தான். சாலையோரம் நிழலுக்கு ஆலமரம் வைத்தேன், மாந்தோப்பு வைத்தேன், கோஸ் கணக்கில் இடம் விட்டுக் கிணறு வெட்டினேன், தங்க இடம் கட்டினேன் என்று அதில் சொல்கிறார். கோஸ் என்ற அளவு அவ்வளவு பழசு. பனியில் தூணின் மேல்பாதி மங்கலாகத்தான் தெரிந்தது, எழுத்து இருக்கும் உயரத்துக்கு என் கண் எட்டவும் இல்லை. ஆனாலும் வழிப்போக்கனுக்கு நிழலும் தண்ணீரும் வேண்டும் என்று ஒரு ராஜா கல்லில் வெட்டி வைத்த இடத்தில் பயணத்தை ஆரம்பித்தது எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் மிருகக்காட்சி சாலை. ஆமாம், டெல்லியின் கோஸ் மினார் ஒன்று மிருகக்காட்சி சாலைக்குள் நிற்கிறது. பழைய பாதை அந்த வழியாகப் போயிருக்கிறது, மிருகங்கள் 1959-இல் வந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் புலியைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பையன் மட்டும் நின்று அப்பாவிடம், "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டான். உள்ளே ஒன்றும் கிடையாது, அடி முதல் நுனி வரை கட்டிய செங்கல்தான், படிக்கட்டும் இல்லை. அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை, நான் அரைகுறை இந்தியில் சொன்னேன். "கிலோமீட்டர் கல்லா? இவ்வளவு பெரிசா?" என்று அண்ணாந்து பார்த்தார். குதிரையிலும் ஒட்டகத்திலும் வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமே! புழுதிக்கும் பனிக்கும் மேலே தலை நீட்டத்தான் அந்த உயரம்.

இந்தச் சாலைக்கு முதலில் மினார் யோசனை சொன்னவர் பாபர். 1528 டிசம்பரில், ஆக்ராவிலிருந்து காபூல் வரை பாதையை அளந்து, 9 கோஸுக்கு ஒரு கோபுரம் எழுப்பி, 18 கோஸுக்கு ஆறு தபால் குதிரைகள் கட்டி வைக்கச் சொன்னதை அவரே எழுதி வைத்திருக்கிறார். குதிரைக்காரனுக்குச் சம்பளம், குதிரைக்குத் தீனி எல்லாவற்றுக்கும் உத்தரவு உண்டு. பிறகு அக்பர், அஜ்மீர் தர்காவுக்குத் தான் போய்வந்த ஆக்ரா–அஜ்மீர் சாலையில் கோஸுக்கு ஒரு தூணும் கிணறும் வைத்தார், தூண்களில் தான் வேட்டையாடிய மான்களின் கொம்புகளைப் பதிக்கச் சொன்னார். அவர் சபையிலேயே இருந்த பதாவுனி, இதற்குப் பதில் தோட்டமோ சத்திரமோ கட்டியிருக்கலாமே என்று குறைபட்டு எழுதியிருக்கிறார். அரசாங்கம் எதைக் கட்டினாலும் இப்படிச் சொல்ல ஒருத்தர் இருக்கத்தான் வேண்டும்.

டிசம்பர் 16, ஃபரிதாபாத்

சித்தி மகன் ஃபரிதாபாதில் வேலை பார்க்கிறான். மெட்ரோவின் ஊதா லைனில் ஏறி எஸ்கார்ட்ஸ் முஜேசர் நிலையத்தில் இறங்கினேன். டெல்லியிலிருந்து அந்த ரயில் பெரும்பாலும் மதுரா ரோட்டை ஒட்டியே போகிறது, அதாவது பழைய ஆக்ரா பாதையின் திசையிலேயே. தம்பி நிலையத்து வாசலில் பைக்கோடு நின்றான். "அக்கா, ஃபரிதாபாதில் பார்க்க எவ்வளவோ இருக்கு, முஜேசரில் என்ன இருக்கு?" என்றான்.

இல்லாத ஒன்றைப் பார்க்கத்தான் போனேன். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் பட்டியலில் "கோஸ் மினார் எண் 13, முஜேசர்" என்று ஒன்று இருந்தது. நாட்டில் உள்ள 3,693 சின்னங்களில் 50 காணாமல் போய்விட்டன என்று 2022 டிசம்பரில் கலாச்சார அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. 14 நகரம் பெருகியதில் போயின, 12 அணைகளில் மூழ்கின, 24 எங்கே என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கடைசி 24-இல் முஜேசர் மினாரும் உண்டு, குருக்ஷேத்திரா மாவட்டம் ஷாஹாபாத் மினாரும் உண்டு. 2024 மார்ச்சில் முஜேசர் மினார் உட்பட 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடப் போவதாக அறிவிப்பு வந்தது. தேசிய முக்கியத்துவம் இல்லாமல் போய்விட்டது என்பதுதான் சட்டத்தில் அதற்கான வாசகம். 30 அடித் தூண் ஒன்று காணாமல் போனதற்கு இதுவா பெயர்?

முஜேசர் இப்போது தொழிற்சாலைகளுக்கு நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர். லேத் பட்டறைகள், உதிரிபாகக் கடைகள், தலைக்கு மேல் சிக்கலான ஒயர்கள், குறுக்கே எருமைகள். ஒரு டீக்கடையில் கேட்டோம், அவர் பக்கத்து இரும்புக் கடைக்காரரைக் கேட்டார், இரும்புக் கடைக்காரர் ஹுக்கா குடித்துக்கொண்டிருந்த ஒரு தாவுஜியிடம் கூட்டிப் போனார். ஹரியானாவில் வயசானவர்களை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம் பெரியப்பா மாதிரி. தாவுஜி கட்டிலில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார், பேரனை அனுப்பி டீ வரவழைத்தார், எங்கிருந்து வருகிறேன், கல்யாணம் ஆயிற்றா, அங்கே கோதுமை விளையுமா என்று எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில்தான் மினாருக்கு வந்தார். தெரியாது என்றார். "பக்கத்து ஊர்களில் நிற்கிறது, போய்ப் பாருங்கள். இங்கே ஒவ்வொரு அடி நிலமும் கை மாறிவிட்டது மகளே." டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஒன்று போனால் என்ன, மற்றது இருக்கிறதே என்று தம்பி வழியெல்லாம் கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கோயிலோ கல்லறையோ தனியாக நின்றாலும் அர்த்தம் இருக்கிறது. மைல்கல் அப்படி இல்லை. அடுத்தது இருந்தால்தான் இது மைல்கல், இல்லாவிட்டால் வெறும் தூண். 13 என்று நம்பர் போட்டிருந்தார்கள் என்றால் 12-ம் 14-ம் இருந்திருக்கின்றன, யாரோ வரிசையாக நடந்து எண்ணியிருக்கிறார்கள். இன்று அந்த எண்ணிக்கையில் நடுவே ஒரு பல் விழுந்துவிட்டது.

சாயங்காலம் தம்பி அறையில் கிச்சடி. குளிருக்கு அதுதான் சரி.

டிசம்பர் 17, கர்னால் போகும் வழி

டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் ஏறிய பஸ் முர்தலுக்கு முன்னால் டயர் பஞ்சராகி நின்றது. ஸ்டெப்னியும் காற்றிறங்கிக் கிடந்தது. வேறு பஸ் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றதும் ஒருவர்கூடச் சண்டை போடவில்லை, இறங்கி நேராக தாபாவை நோக்கி நடந்தார்கள். முர்தல் என்றால் பராத்தா. முள்ளங்கி பராத்தா ஒன்று நூற்றி இருபது ரூபாய், தட்டளவு பெரியது, மேலே ஒரு கட்டி வெண்ணெய். உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் உருகி ஓரத்தில் வழியும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் அந்த ருசி இல்லை.

எதிரே குருக்ஷேத்திரா போகிற ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தார். மினார் என்றதும், "ஷேர்ஷா கட்டியது" என்றார். வழியெல்லாம் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஷேர்ஷா சூரி 1540-இலிருந்து 1545 வரை ஆண்டது ஐந்தே வருஷம், அதற்குள் வங்காளத்து சோனார்காவ்னிலிருந்து சிந்து நதி வரை சாலையைச் சீராக்கி, இரண்டு கோஸுக்கு ஒரு சத்திரம் வைத்தார், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனி அறைகள், சத்திரத்துக்குச் சத்திரம் தபால் குதிரைகள். அதனால் இந்தச் சாலையில் பழசாக எது நின்றாலும் ஜனங்கள் அதை ஷேர்ஷா கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் இங்கே கோஸுக்கு ஒரு தூண் வைக்கச் சொன்ன தெளிவான உத்தரவு 1619-இல் ஜஹாங்கீர் போட்டது. ஆக்ராவிலிருந்து லாகூர் வரை கோஸுக்கு ஒரு மினார், மூன்று கோஸுக்கு ஒரு கிணறு, வழிப்போக்கர்கள் வெயிலிலும் தாகத்திலும் கஷ்டப்படக் கூடாது என்று காரணமும் சொல்கிறார். மரங்கள் அதற்கு முன்பே நட்டாயிற்று. 1615-இல் லாகூரிலிருந்து ஆக்ராவுக்கு இந்தப் பாதையில் நடந்தே வந்த தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர், இரண்டு பக்கமும் மரம் நின்ற அந்த வழியை அப்படிப் புகழ்ந்திருக்கிறார். மாஸ்டர்ஜி பொறுமையாகக் கேட்டார். "இருக்கலாம், ஆனால் சாலை போட்டவர் பெயர்தானே நிற்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பராத்தாவுக்குக் காசு நான் கொடுக்கப் போனால், விருந்தாளி காசு கொடுப்பதா என்று அவர் கோபப்பட்டே விட்டார்.

கர்னால் சேரும்போது இருட்டிவிட்டது. ஹோட்டல் அறை தொள்ளாயிரம் ரூபாய், வெந்நீர் பக்கெட்டில் வந்தது, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வை மட்டும் நல்ல கனம்.

டிசம்பர் 18, கோஹண்ட், கரவுண்டா

பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான். கர்னாலுக்கும் பானிபட்டுக்கும் நடுவே கோஹண்ட் என்று ஒரு ஊர். ஷேர் ஆட்டோ நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டது. இந்தப் பக்கம் பல இடங்களில் மினார்கள் நெடுஞ்சாலையை விட்டு விலகி நிற்கின்றன. மினார் நகரவில்லை, சாலைதான் நகர்ந்திருக்கிறது. பழைய பாதை இருந்த இடம் வயலாகவும் வீடாகவும் ஆகிவிட்டது. அதனால் பனிக்குள் ஒரு மினார் தெரிந்தால், ஜஹாங்கீர் காலத்துச் சாலை நம் காலடியில் எங்கோ போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கீழ்ப்பாதி எட்டுப் பட்டையாக ஏறுகிறது, நடுவில் ஒரு வளையம், அதற்கு மேல் உருண்டையாகி, மேலே போகப் போகச் சிறுக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் செங்கல் தெரிகிறது. லக்கௌரி என்கிற பழங்காலச் செங்கல், இரண்டு விரல் தடிமன்கூட இருக்காது, நடுவே சுண்ணாம்புச் சாந்தை அள்ளி அப்பியிருக்கிறார்கள். ஒரு செங்கலின் ஓரத்தில் வார்த்தவர் விரல் பட்ட பள்ளம் அப்படியே இருந்தது. என் ஆள்காட்டி விரல் அதில் சரியாகப் பொருந்தியது. மேலே பொந்துகளில் கிளிகள் குடித்தனம் நடத்துகின்றன. தொல்லியல் துறையின் வழக்கமான நீலப் பலகை உண்டு. சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் சிறை, ஒரு லட்சம் அபராதம் என்கிறது. இது என்ன, எந்தச் சாலையில் நிற்கிறது, முந்தையது எங்கே, அடுத்தது எங்கே என்று ஒரு வரி இல்லை.

எழுத்தும் இல்லை. நான் தருமபுரிக்காரி, எங்கள் ஊரில் அதியமான் பெருவழிக் கல் இருக்கிறது, 13-ஆம் நூற்றாண்டு. "நாவற்தாவளத்துக்குக் காதம் 29" என்று தமிழில் வெட்டி, பக்கத்திலேயே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சின்னக் குழியும் போட்டிருப்பார்கள். பெரிய குழி பத்து, சின்னது ஒன்று. படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம், இருட்டில்கூட. ஆளுயரம் இல்லாத கல், ஆனால் இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுகிறது. கோஸ் மினார் அதைச் சொல்லவில்லை, எண்ணிக்கொண்டே போவது நம் பொறுப்பு. அந்த வகையில் எங்கள் ஊர்க் கல்தான் கெட்டி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் இரண்டு மைலுக்கு அப்பாலிருந்து தெரிகிற சௌகரியம் அதற்குக் கிடையாது.

கோஸ் என்றால் இங்கே எல்லாரும் சொல்வது இரண்டு மைல், மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மினார்களின் கணக்கு வேறு. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி, டெல்லிப் பக்கத்தில் நின்ற மினார்களின் இடைவெளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 2 மைல், 4 ஃபர்லாங், 158 யார்டு வந்தது. நாலு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அக்பர் காலத்தில் ஒரு கோஸ் 5,000 முகலாயக் கஜம் என்று வைத்தார்கள், அதோடு இது ஒத்துப்போகிறது. அந்தக் கஜம் எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிக்கவே இந்தத் தூண்கள் உதவின. வரிசையாக நின்றதால்தான் அளக்க முடிந்தது.

வரட்டி தட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா ரொம்ப நேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உள்ளே கூப்பிட்டார். எருமைப் பாலைக் காய்ச்சி வெல்லம் போட்டு ஒரு பெரிய பித்தளை டம்ளர். அப்புறம் சோள ரொட்டியும் கடுகுக்கீரையும். சாப்பிடாமல் போனால் வீட்டுக்கு ஆகாது என்கிறார். மருமகள் முக்காட்டுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே, "அந்தத் தூணைப் பார்க்கவா அவ்வளவு தூரத்திலிருந்து வந்தாய்?" என்று கேட்டாள். இவர்கள் வீட்டில் அதற்கு ஒரு உபயோகம் உண்டு. கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, மினாருக்கு இடப்பக்கம் திரும்பு என்கிறார்கள். நானூறு வருஷம் கழித்தும் அது வழிதான் சொல்கிறது என்பதைக் கேட்டபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. வரும்போது ஆலையில் ஒரு கிலோ வெல்லம் வாங்கினேன், அறுபது ரூபாய், இன்னும் சூடு ஆறவில்லை.

கரவுண்டாவில் ஷாஜஹான் காலத்துச் சத்திரத்தின் இரண்டு வாசல்கள் மட்டும் நிற்கின்றன, 1637-இல் கட்டியது. நடுவே இருந்த சத்திரம் முழுக்கப் போய்விட்டது. வாசல் பெரிசு, உள்ளே நுழைய ஒன்றும் இல்லை. கிரிக்கெட் விளையாடிய பையன்கள் வழிவிட்டு நின்று, நான் போட்டோ எடுத்து முடித்ததும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

டிசம்பர் 19, கர்னால் ஸ்டேஷன், அமிர்தசரஸ்

பனியால் ரயில் நாலரை மணி நேரம் தாமதம். பிளாட்பாரத்தில் பத்து ரூபாய் டீயைத் திரும்பத் திரும்ப வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பஞ்சாபிக் குடும்பம் வேர்க்கடலையை மடியில் கொட்டி எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கியது. அமிர்தசரஸ் சேர்ந்தபோது இரவு பத்து. பொற்கோயிலில் அந்த நேரத்திலும் லங்கர், அதாவது எல்லாருக்குமான இலவசச் சாப்பாடு, நடந்துகொண்டிருந்தது. பருப்பு, ரொட்டி, கீர். ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். ஒரு கையை நீட்டிய எனக்குப் பக்கத்தில் இருந்த பாட்டி மற்றொரு கையையும் பிடித்துச் சேர்த்துவிட்டார்.

டிசம்பர் 20, சராய் அமானத் கான்

காலையில் அமிர்தசரஸ் குல்சா, நூறு ரூபாய், கூடவே புளிக்கரைசலில் ஊறிய வெங்காயம். பிறகு டாக்ஸி, போக வர ஆயிரத்து எண்ணூறு. எல்லை நெருங்க நெருங்கச் சாலையில் வண்டி குறைந்தது, கடுகுப்பூ மஞ்சள் அதிகமானது.

தாஜ்மஹாலில் குர்ஆன் வாசகங்களை எழுதிய அமானத் கான், தன் அண்ணன் இறந்த பிறகு அரசவையை விட்டு விலகி வந்து லாகூர் பாதையில் கட்டிய சத்திரம் இது, 1640-41. வாசலில் நீலமும் மஞ்சளுமாக ஓட்டில் பதித்த பாரசீக எழுத்து, அவர் கைப்பட வடித்தது. தாஜ்மஹாலில் கூட்டத்தோடு கூட்டமாகத் தலையைத் தூக்கிப் பார்க்கிற அதே கையெழுத்தை இங்கே யாரும் இல்லாமல் நின்று பார்த்தேன். ஓடுகள் பல இடங்களில் உதிர்ந்துவிட்டன. மதில் உள்ளே ஊரே குடியிருக்கிறது, பழைய அறைகளில் மாடு கட்டியிருக்கிறார்கள், துணி காய்கிறது. வழிப்போக்கர்களுக்குக் கட்டிய இடத்தில் இப்போது ஊர்க்காரர்கள் தங்கிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை, உதிர்கிற ஓடுகளைப் பற்றித்தான் வருத்தம்.

பக்கத்தில் கோஸ் மினார். டிரைவர் எதிர்த் திசையைக் காட்டி, "அந்தப் பக்கம் பாகிஸ்தான்" என்றார். அந்தப் பக்கத்திலும் வரிசை தொடர்கிறது. எல்லை தாண்டி மன்ஹாலா ஊரில் ஒன்று, லாகூர் நகரத்துக்குள் ரயில் பாதை ஓரத்தில் ஒன்று. அவற்றை நான் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஆக்ராவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் அவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர், ஜனவரி வேண்டாம், பனியில் பாதி நாள் போய்விடும். கோதுமை பச்சையாக இருக்கும், வெயிலும் சுடாத பிப்ரவரி கடைசி நல்லது. மிருகக்காட்சி சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மினார்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்தடுத்து இருப்பவற்றை வரிசையாகப் பாருங்கள். நடுவே ஒன்று இல்லாவிட்டால், எங்கே இருந்தது என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். முஜேசரில் நான் கேட்டபோது ரொம்பத் தாமதமாகிவிட்டிருந்தது, மற்ற ஊர்களில் இன்னும் நேரம் இருக்கிறது.